ரேடியேட்டருக்குள் ரோஜா நிறம்

அத்தியாயம் 6

வேன்காரம்மா சர்வேயரம்மாவின் துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்பதே கால். மாலை நாலு மணிக்குள் ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போடலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மடித்த தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

“லெட்டர் எழுதிட்டேன். பேர் மட்டும் எழுதலை. அந்த இடத்தை விட்டு வச்சிருக்கேன்.”

“பரீட்சையில நானும் அப்படித்தாங்க,” என்றான் வால். “கேள்வி நம்பர் போட்டுட்டு இடம் விட்டு வைப்பேன். கடைசி வரைக்கும் அது இடமாவே இருக்கும்.”

“வாயை மூடு,” என்றார் சர்வேயரம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, எந்த நசுங்கல் நிஜம், எது சுத்தியலால் வந்தது என்று தடவியே சொல்லிவிடுவார் சர்வேயரம்மா. அங்கே எல்லோருக்கும் பிடித்த பதிலை எழுதப் பிடிக்காமல் வெளியே வந்து, தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஆறு வருஷமும் கூடவே இருப்பவன் வால். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு, சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கலாம். ஃபைல் கட்டுவது, கதவைத் தட்டுவது, சந்தேகப்படுகிறவர்களைச் சிரிக்க வைத்து வாயைக் கிளறுவது எல்லாம் அவன் இலாகா.

வேன்காரம்மா விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய வேனுக்கு இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி, இறக்கி, மறுபடி வீட்டில் விடுவது அதன் வேலை. இரண்டு வாரம் முன்னால் மெக்கானிக் அதற்குக் கூலன்ட் மாற்றினார். என்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவம் அது. இந்தத் திங்கட்கிழமை காலையில் பாலத்தின் நட்டநடுவில் பானெட்டிலிருந்து ஆவி பீய்ச்சிக்கொண்டு வந்தது. உள்ளே, டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்த கணக்கு வாத்தியார். வெயிலில் ஒன்றரை மணி நேரம். மாற்று வண்டி வருவதற்குள் அவருக்கு மயக்கமே வந்துவிட்டது.

“பொழைச்சிட்டாரு,” என்றாள் வேன்காரம்மா. “ஆனா ஆஸ்பத்திரியில வண்டிகளைப் பாத்துக்கிற அதிகாரி கேட்டுட்டாரு. யார் தப்புன்னு இன்னைக்கு நாலு மணிக்குள்ள எழுத்துல குடுக்கணும். இல்லேன்னா என் வண்டியில ஒரு நோயாளியையும் ஏத்த விடமாட்டாங்க. மெக்கானிக் பேரை எழுதினா எனக்கு வண்டி ஓடும். அவர் பாக்கிற ஆஸ்பத்திரி வண்டி நாலும் கையை விட்டுப் போயிடும். அப்புறம் அவர் ஷெட்டுக்கு யார் வருவா?”

“அவர் என்ன சொல்றார்?”

“அதாங்க எனக்கு ஆத்திரம். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு. ‘என் பேரையே எழுதிக்கோங்க’ன்னுட்டுக் கையைக் கழுவிக்கிட்டுப் போயிட்டாரு. பதினோரு வருஷமா அந்தக் கை பட்ட வண்டி. ஒரு நட்டு தளர்ந்ததில்ல. எழுத மனசு வரலை.”

வால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். அந்த மெக்கானிக் அவனுடைய சொந்த அக்கா வீட்டுக்காரர். வேன் பாலத்தில் நின்றது அவனுக்குத் தெரியும். இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

“மேடம், இது எங்க மாமா சமாச்சாரம். நான் வேணா விலகிக்கட்டுமா?”

“எதுக்கு? உன் மாமாவை நீயே காப்பாத்து,” என்று கைப்பையை எடுத்தார் சர்வேயரம்மா.

“அப்ப கேஸ் முடிஞ்ச மாதிரிதான். எவன் செஞ்சானோ, அவன் இன்னைக்குக் கையும் களவுமா மாட்டினான்,” என்று வால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பழைய கட்டில்கள் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பக்கத்தில், வேன் திங்கட்கிழமையிலிருந்து அப்படியே நின்றது. அங்கே இழுத்து வந்த பிறகு அதன்மேல் யாரையும் கை வைக்கவிடவில்லை வேன்காரம்மா, மெக்கானிக்கைக்கூட. சர்வேயரம்மா பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் மூடியின் காதில் ஒரு பச்சைத் துணிக் கீற்று கட்டியிருந்தது. அதை அவிழ்க்காமல் மூடியைத் திருக முடியாது.

“இது என்ன?”

“மாமாவோட முத்திரை மேடம்,” என்றான் வால் பெருமையாக. “பச்சைக் கூலன்ட் போட்ட வண்டிக்குப் பச்சைத் துணி. அவரைக் கேக்காம யாரும் திறக்கக் கூடாதுன்னு அர்த்தம். எங்க அக்காவோட பழைய பாவாடை பாதி இந்த ஊர் வண்டிங்கள்லதான் ஓடிக்கிட்டு இருக்கு.”

சர்வேயரம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும்.

“என்ன மேடம், ஜவுளிக்கடைக்கு வந்த மாதிரி பாக்கறீங்க? சாயம் போகாதுங்க, கியாரண்டி.”

அவர் கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, முடிச்சை விட்டுத் தள்ளித் துணியைக் கத்தரித்து, காகித உறையில் போட்டு மூடினார். பிறகு மூடியைத் திருகினார். நாலு நாள் ஆறின என்ஜின், அதனால் பயமில்லை. உள்ளே ஒரு குச்சியை விட்டு எடுத்தார்.

குச்சியில் வந்தது தண்ணீர் இல்லை. கட்டி கட்டியாக, பசை மாதிரி ஒன்று. அழுக்குப் பழுப்புக்கு நடுவே அங்கங்கே ரோஜா நிறம்.

“இதுதான் குழாயை அடைச்சிருக்கு. அடைச்சா சூடு எப்படி வெளியே போகும்?” என்றார் சர்வேயரம்மா. “உன் மாமா போட்டது பச்சைன்னே?”

“பச்சைதான். பழைய வண்டி எது வந்தாலும் பச்சை வகைதான் போடுவாரு. பித்தளை ரேடியேட்டர், ஈயம் வச்சுப் பத்த வச்ச மூட்டு. அதுக்குப் பழைய மருந்துதான் ஒத்துக்கும், புதுசு அரிச்சிடும்னு சொல்லுவாரு.”

“ரோஜா நிறம்?”

“அது அவர்கிட்ட இருக்கிற புது வகை. அலுமினிய ரேடியேட்டருக்கு. ரெண்டையும் கலந்தா…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

“நிறத்தை நம்பக்கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி சாயம் மாறும், டப்பாவைப் படிக்கணும்,” என்று சர்வேயரம்மா தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். “ஆனா இங்க நிறமே கதையைச் சொல்லுது. பச்சைமேல யாரோ ரோஜாவை ஊத்தியிருக்காங்க. கொஞ்சநஞ்சம் இல்ல. ஒரு லிட்டருக்கு மேலயே இருக்கும்.”

வால் குச்சியில் இருந்த ரோஜா நிறத்தைப் பார்த்தான். யாரோ இல்லை. அவன்தான்.

சனிக்கிழமை. கூலன்ட் மாற்றிப் பத்து நாள் கழித்து வண்டியை ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொல்வது மாமாவின் வழக்கம். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று மெல்ல வெளியேறி மட்டம் இறங்கும், அதை நிரப்பித்தான் அனுப்புவார். அன்று வேன்காரம்மா வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். மாமா ஒரு கிளாம்ப் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். “அரைமணி நேரம் ஷெட்டைப் பாத்துக்க மாப்ள” என்றார். பொழுது போகாமல் பானெட்டைத் தூக்கிய வால், மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்தான். மாமா வந்து அசந்து போகட்டும் என்று நினைத்தான். பச்சைத் துணியை அவிழ்த்தான். அலமாரியில் இரண்டு கேன் இருந்தது. புதுசாக, பளபளப்பாக, விலை கூடியதாக இருந்ததை எடுத்தான். நல்லதைத்தானே ஊற்றுகிறோம் என்று ஒரு நினைப்பு. ரேடியேட்டர் குடிக்கக் குடிக்க ஊற்றினான். கலக்கிற தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றினான். துணியைத் திரும்பக் கட்டினான். அதற்குள் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கேட்டுக்கொண்டு வர, பேச்சு வளர்ந்து, மாமாவிடம் சொல்லவே மறந்துபோனான். துணி பச்சையாக இருந்ததற்குக் காரணம் உண்டு என்று தெரிந்தும், அவிழ்க்கிற அந்த நேரத்தில் மடையன் அதை மறந்திருந்தான்.

அது மட்டுமா? திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், “மாமா பார்த்த வண்டிக்கு ஜுரம் வந்திருச்சாம், நூத்தி நாலாம்” என்று சொல்லிச் சிரித்தது யார்? அக்கா சிரிக்கவில்லை. “ஒரு உசுரு போயிருக்குமே, கண்ணை எங்கே வச்சுட்டு வேலை பாத்தீங்க?” என்று மாமாவைப் பார்த்துக் கேட்டாள். மாமா தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இவன் இரண்டாவது ஜோக்கும் சொன்னான்.

“என்ன, நாக்கு தொண்டைக்குள்ள போயிடுச்சா?” என்றார் சர்வேயரம்மா.

சொல்லிவிடலாம். இதுதான் நேரம். வால் வாயைத் திறந்தான். வெளியே வந்தது வேறு.

“பெட்ரோல் பங்க் மேடம்! எண்ணெய் போட்டதும் அவங்களே தண்ணி, ஆயில் எல்லாம் பாப்பாங்கல்ல? அங்கதான் எவனோ எதையோ ஊத்தியிருக்கணும்.”

சொன்ன மாத்திரத்தில் அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் சர்வேயரம்மா தலையாட்டிவிட்டார்.

“சரி. நீ சொல்றே. போய்ப் பார்ப்போம்.”

வேன்காரம்மா வழக்கமாக டீசல் போடுகிற பங்க்கில், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் முப்பது வயதுப் பெண். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். துப்பறிகிறவர்கள் என்றதும் முகம் வெளிறிவிட்டது.

“பழைய வேனா? மூணு வாரமா நான்தான் டீசல் போடறேன். நான் ஒண்ணும் பண்ணலீங்க. எனக்கு இந்த வேலை போச்சுன்னா…”

“யாரும் உன்னைச் சொல்லலை,” என்றார் சர்வேயரம்மா. ஆனால் அவர் பார்வை வாலின் மேல் இருந்தது. “ரேடியேட்டரைத் திறப்பீங்களா?”

“காத்துப் பிடிப்போம், கண்ணாடி தொடைப்போம். ரேடியேட்டர்னா மூடியைத் தொடறதுக்கு முன்னாடி டிரைவரைக் கேப்போம். அதுலயும் அந்த வேன்ல பச்சைத் துணி கட்டியிருக்குமே? அதைப் பாத்தா தொடவே மாட்டோம். மெக்கானிக் அண்ணன் ஒரு தடவை இங்க வந்து எல்லாருக்கும் சொல்லிட்டுப் போயிருக்காரு. பங்க்குல இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தத் துணின்னா பயம்.”

“அத்தனை பேருக்குமா?”

“ஆமாங்க. அவரு வீட்டு ஆளுங்க வேணா பயப்பட மாட்டாங்க.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

வால் சிரிக்கவில்லை. திரும்பி நடக்கும்போது சர்வேயரம்மா மெதுவாகக் கேட்டார்.

“இந்தப் பொண்ணு வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“எனக்கு எப்படி மேடம் தெரியும்?”

“சும்மா கேட்டேன். துணிக்குப் பயப்படாத ஆள்தான் அவிழ்த்திருக்கான். அது வரைக்கும் தெரிஞ்சுது. அடுத்து எங்க போகலாம், நீயே சொல்லு.”

அவன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தான். அவரே ஷெட்டுக்குப் போகும் தெருவில் திரும்பினார்.

மெக்கானிக் ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கறை ஏறின கைகள், அளவாகப் பேசுகிற வாய். மைத்துனனையும் அவன் முதலாளியையும் ஒன்றாகப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“வாங்க மேடம். நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அந்தம்மாகிட்ட சொல்லிட்டேனே, என் பேரை எழுதச் சொல்லி.”

“எழுதலாம். அதுக்கு முன்னாடி சனிக்கிழமை அந்த வேன் எங்க நின்னுதுன்னு மட்டும் காட்டுங்க.”

அவர் காட்டிய இடம் காலியாக இருந்தது. காலி என்றால் வண்டிக்குத்தான் காலி. சிமென்ட்டுத் தரையில் ஓர் எறும்பு வரிசை, சுவரோரத்திலிருந்து புறப்பட்டு நேராக ஒரு கறைக்கு வந்து, அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலக் கறை. காய்ந்து பிசுபிசுத்த ரோஜா நிறம். கூலன்ட் இனிக்கும் என்பது எறும்புக்குத் தெரியும், விஷம் என்பது தெரியாது. செத்ததும் சாகாததுமாகக் கிடந்தன.

வாலின் வலது கால் தானாக அந்தக் கறைமேல் போய் நின்றது.

“காலை எடு. பாவம், எறும்பு,” என்றார் சர்வேயரம்மா. குனிந்து பார்த்தார். “ஊத்தும்போது சிந்தியிருக்கு. அப்ப பங்க்குல இல்ல, பாலத்துல இல்ல, இங்கதான் ஊத்தியிருக்கு. யார் ஊத்தினது?”

“நான்தான்,” என்றார் மெக்கானிக்.

“பச்சைத் துணி கட்டின வண்டியில ரோஜாவை ஊத்தற ஆளா நீங்க?”

“கவனக்குறைவு.”

“சனிக்கிழமை நீங்க ஷெட்லயே இருந்தீங்களா?”

மெக்கானிக் ஒரே ஒரு தடவை மைத்துனனை நிமிர்ந்து பார்த்தார். உடனே பார்வையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

“இருந்தேன். அழுக்கேறின டப்பாவுல வெளியிலருந்தே மட்டம் பாத்தேன், சரியா இருந்துச்சு. ஏன் சரியா இருக்குன்னு யோசிக்காம வண்டியைக் குடுத்தனுப்பினேன். அது என் தப்புதானே? ஒரு தடவை மூடியைத் திறந்து பாத்திருந்தா அந்த வாத்தியாரு வெயில்ல கிடந்திருக்க மாட்டாரு. என் பேரை எழுதுங்க மேடம். வேலை கிடக்கு.”

அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வால் அங்கேயே உடைந்திருப்பான். கோபம் இல்லாததால் கோழைத்தனத்துக்கு இடம் கிடைத்தது. மாமாவுக்குத் தெரியாது, ஏதோ தன் மறதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். அப்படியே இருந்துவிடட்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டான். அந்த ஒரு கணத்துக்காக அன்று முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

நாலு மணிக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது, ஆஸ்பத்திரி வாகன அதிகாரியின் அறையில் நாலு பேர். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை நீட்டினார். வேன்காரம்மா பேனாவின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு சர்வேயரம்மாவைப் பார்த்தாள்.

“கண்டுபிடிச்சீங்களா?”

“மூணு விஷயம் தெரியும்,” என்றார் சர்வேயரம்மா. “பச்சைமேல ரோஜா ஊத்தினதாலதான் அடைச்சுது. ஊத்தினது ஷெட்டுல, சனிக்கிழமை. ஊத்தினவனுக்கு அந்தப் பச்சைத் துணின்னா பயம் இல்ல. மிச்சத்தை என் உதவியாளன் சொல்லுவான்.”

“நானா?” என்றான் வால்.

“காலையில சொன்னியே, இன்னைக்கு மாட்டினான்னு.”

கடிகாரம் துடித்த சத்தம் அவன் காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மாமாவின் பெயர் தானாகவே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அவர் மறுத்துப் பேச மாட்டார். வேன் ஓடும். அக்கா கொஞ்ச நாள் அழுவாள். வேன்காரம்மாவின் பேனா தாளைத் தொட்டு, மெக்கானிக் பெயரின் முதல் எழுத்துக்குத் தயாரானது.

“நிறுத்துங்க,” என்றான் வால். “நான்தாங்க ஊத்தினேன். சனிக்கிழமை மாமா கடைத்தெருவுக்குப் போயிருந்தாரு. மட்டம் கம்மியா இருந்துச்சு. நல்லது பண்றதா நெனச்சு, விலை கூடின டப்பாவை எடுத்து ஊத்திட்டு, சொல்லவே மறந்துட்டேன். காலையில அந்தக் குச்சியைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்புறமும் சொல்லலை. பங்க்குக்குக் கூட்டிட்டுப் போனதே அதை வேற யார் தலையிலயாவது கட்டலாம்னுதான்.”

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். சர்வேயரம்மா கைப்பையிலிருந்து காகித உறையை எடுத்துத் துணிக் கீற்றை மேஜைமேல் கொட்டினார். பக்கத்தில் ஒரு பழைய ஃபைலை வைத்தார்.

“ஒரு சுருக்கு, அதுக்கு மேல மூணு சுத்து, நுனியை உள்ள சொருகறது,” என்றார். “ஆறு வருஷமா என் ஃபைல் எல்லாம் இப்படித்தான் கட்டியிருக்கு. அவிழ்க்கறதுக்குள்ள என் நகம் உடையும். மெக்கானிக் கட்டற முடிச்சு வேற, ஷெட்டுல ரெண்டு வண்டியில பாத்துட்டேன்.”

வால் துணியையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு முடிச்சும் ஒரே அச்சு.

“பானெட்டைத் திறந்தப்பவே தெரியுமா?”

“பத்து மணியில இருந்து தெரியும்.”

“அப்ப ஏன் மேடம் நாள் பூரா இழுத்தடிச்சீங்க?”

“நான் எங்க இழுத்தேன்? பங்க்குக்கு நீதான் இழுத்தே. நான் பின்னாலயே வந்தேன்.” அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. “அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிடுவியோன்னு பயந்துகிட்டே வந்தேன். நீ சொல்லியிருந்தா நாளைக்கு எனக்கு வேற உதவியாளன் தேடணும்.”

வேன்காரம்மா பேனாவை மூடவில்லை. வாலைப் பார்த்தாள்.

“தெரியாம ஊத்தினதை நான் பொறுத்துக்குவேன் தம்பி. காலையில நான் எழுத மனசில்லாம உக்காந்திருந்ததைப் பாத்தே. அந்தக் குச்சியைப் பாத்த பிறகும், நான் பேனாவைத் திறக்கிற வரைக்கும் என் முகத்தைப் பாத்துக்கிட்டே நின்னே. அதை எப்படிப் பொறுத்துக்கிறதுன்னு தெரியலை.”

அவனுக்கும் தெரியவில்லை. பேனாவை வாங்கி, விட்டிருந்த இடத்தில் தன் பெயரைத் தானே எழுதினான். ஷெட்டை வெளியாளிடம் விட்டுப் போனதற்கு மெக்கானிக்குக்கு ஓர் எச்சரிக்கை போகும், நாலு வண்டியும் அவரிடமே இருக்கும், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து காட்டினால் வேன் மறுபடி ஓடலாம் என்று அதிகாரி சொன்னார். வேன்காரம்மா வெளியே போய் மெக்கானிக்குக்கு ஃபோன் செய்தாள்.

“கணக்கு வாத்தியார் மேல் மாடியில டயாலிசிஸ்ல இருக்காரு. இன்னைக்கு அவர் முறை,” என்றார் சர்வேயரம்மா. “போ.”

“உங்களோடயா?”

“தனியா.”

டயாலிசிஸ் அறையில் இயந்திரங்கள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. ஒல்லியான மனிதர் ஒருவர் ஒரு கையில் குழாயோடும் மறு கையில் செய்தித்தாளோடும் படுத்திருந்தார். வால் கட்டிலோரம் போய் நின்றான்.

“சார், திங்கட்கிழமை உங்க வண்டி நின்னுதே, அதுக்குக் காரணம் நான்தான். மன்னிச்சிடுங்க.”

வாத்தியார் செய்தித்தாளை மடித்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க மெக்கானிக்குக்கு என்ன வேணும்?”

“மச்சினன்.”

“அதானே பாத்தேன். மன்னிப்பு திங்கட்கிழமையே வந்திடுச்சு தம்பி.”

“புரியலை சார்.”

“பாலத்துக்கு அவர் ஓடி வந்தாரு. என்ஜின் ஆறினதும் அந்தத் துணியைப் பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. அவிழ்த்து மூடியைத் திறந்து பாத்துட்டு, இருந்த மாதிரியே திரும்பக் கட்டறதுக்குப் படாதபாடு பட்டாரு. மூணு சுத்துச் சுத்தி, நுனியைச் சொருகி. எதுக்கு இந்த மெனக்கெடல்னு எனக்கு அப்பப் புரியலை. அப்புறம் எம்பக்கத்துல வந்து உக்காந்து, ஒரு அட்டையை வச்சு விசிறிக்கிட்டே இருந்தாரு. ‘எங்க வீட்டுப் பிழை சார், மன்னிச்சிடுங்க’ன்னாரு. ‘என் பிழை’ன்னு சொல்லலை. நாப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். ஒரு வார்த்தை கூடினாலும் கண்ணுல பட்டுடும்.”

திங்கட்கிழமை. திங்கட்கிழமைப் பகலிலேயே மாமாவுக்குத் தெரியும். திறந்து பார்த்ததே யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் வாலின் முடிச்சையே திரும்பப் போட்டிருக்கிறார். அன்று ராத்திரி அவன் சொன்ன இரண்டு ஜோக்கையும், யாரால் ஆனது என்று தெரிந்துகொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அக்காவின் ஏச்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.

“இப்ப உடம்பு எப்படி இருக்கு சார்?” என்று மட்டும் கேட்டான்.

“பரவாயில்ல. அடுத்த முறைக்கு அந்த வேன் வரட்டும், பாக்கலாம்.”

பின்கட்டில் மெக்கானிக் வந்துவிட்டிருந்தார். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்துவிட்டிருந்தார். ரோஜாவும் பழுப்புமான கட்டிகள் பிளாஸ்டிக் தொட்டியில் தொப் தொப்பென்று விழுந்தன.

“மாமா,” என்றான் வால்.

“அந்த ஹோஸைப் பிடி.”

பிடித்தான். தண்ணீர் மேலே போய்க் கீழே கலங்கலாக வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

“திங்கட்கிழமை ராத்திரி என்னை ஒரு அறை விட்டிருக்கலாமில்ல மாமா?”

“சாப்பிடறப்பவா?” என்றார் மெக்கானிக். அடிக்குழாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். நாலு நாளாச்சு,” என்றார். தொட்டியை நகர்த்தி வைத்தார். “உங்க அக்கா எங்கூடப் பேசி நாலு நாளாச்சு. எனக்கு மத்ததெல்லாம் பெரிசில்ல.”

வால் ஹோஸை ரேடியேட்டர் வாயில் சொருகி நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு ஃபோனை எடுத்தான். இரண்டாவது மணியிலேயே அக்கா எடுத்தாள்.

“அக்கா, அந்த வேன் விஷயம். மாமா தப்பு இல்லக்கா. தப்பான கூலன்ட்டை ஊத்தினது நான்.”

மறுமுனையில் அக்கா சிரித்தாள். நாலு நாளில் முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். “போடா, உனக்கு எதுல விளையாடறதுன்னு ஒரு விவஸ்தையே கிடையாது,” என்றாள்.

“இல்லக்கா,” என்று அவன் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.